பழவேற்காட்டுத் துறைமுகமும் அரசமகளிர் ஆடைச் செலவும்

ஆய்வுச் சுருக்கம்

அரசமகளிரின் ஆடைக்கு எவ்வளவு செலவாயிற்று என்னும் வினாவிற்குத் தென்னிந்தியச் சான்றுகள் நேரடியாக விடை தருவதில்லை. கல்வெட்டுகள் அணிகலன்களை நிறுத்து எழுதின. அயலகப் பயணிகள் முத்துகளை எண்ணினர். ஆடை இரு தரப்பினர் கைக்கும் சிக்கவில்லை. அரசனின் ஆடைக்கு விலை எழுதப்பட்டுள்ள இடத்திலும் அரசியின் ஆடைக்கு விலை இல்லை. இந்த இடைவெளியை அரண்மனைக்குள் நின்று நிரப்ப இயலாது என்றும், துணி புறப்பட்ட துறைமுகத்திலிருந்தும் தறியிலிருந்தும் சாயக்குழியிலிருந்தும் அதனை அணுக வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடும், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை ஆண்ட விசயநகர அரசி ஓபாயம்மாவும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றனர்.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, ஓபாயம்மா, சாயவேர், சீட்டித் துணி, விசயநகரம், அரசமகளிர், தறி இறை.

முன்னுரை

விசயநகரப் பேரரசில் 1535ஆம் ஆண்டையொட்டித் தங்கியிருந்த போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், அச்சுதராயரின் உடை பற்றி ஒரு செய்தியை எழுதிவைத்துள்ளார். அரசர் ஓர் ஆடையை ஒருமுறைக்கு மேல் உடுத்துவதில்லை. களைந்த ஆடை அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலரிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவ்வாடை வேறு எவருக்கும் வழங்கப்படுவதில்லை. பொன்னிழை வேலைப்பாடு கொண்ட அந்தப் பட்டாடை ஒவ்வொன்றும் பத்துப் பர்தாவ் மதிப்புடையது. பர்தாவ் என்பது வராகன் என்னும் பொற்காசுக்குப் போர்த்துக்கீசியர் வழங்கிய பெயர்.

பத்துப் பர்தாவ் என்பது எவ்வளவு? நூனிசுக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் முன்னர் அதே தலைநகரைக் கண்ட தொமிங்கோ பாயஸ், ஒரு பர்தாவுக்குப் பன்னிரண்டு ஆடுகள் உயிருடன் கிடைத்தன என்கிறார். இருவர் காலமும் ஒன்றல்ல, விலைகள் மாறியிருக்கலாம். ஆயினும் ஓர் அளவுக்கோலாகக் கொண்டால், அரசர் ஒருமுறை உடுத்திக் களைந்த துணியின் விலை நூற்றிருபது ஆடுகள். ஒரு சிற்றூரின் மந்தை முழுவதும் அவர் தோளில் ஒருநாள் கிடந்தது எனலாம்.

அரசியின் ஆடைக்கு இத்தகைய குறிப்பு உண்டா என்று தேடினால் கிடைப்பதில்லை. இதே நூனிஸ் அரண்மனை மகளிரைப் பற்றி விரிவாகவே எழுதுகிறார். பாயஸ் அவரைவிட விரிவாக எழுதுகிறார். எனினும் துணியின் விலை என்று வரும்போது இருவரும் மௌனம் காக்கின்றனர். இந்த மௌனம் எதனால் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா.

நிறுக்கப்பட்டவையும் நிறுக்கப்படாதவையும்

விசயநகரத்திற்கு ஐந்நூறு ஆண்டுகள் முந்தைய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இம்மௌனத்தின் முதல் காரணத்தைக் காட்டுகின்றன. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளுக்கு அளித்த அணிகலன்கள் அங்கு ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடை இறங்கிச் செல்கிறது. முத்துகள் எண்ணப்பட்டன, அவற்றின் வடிவும் குறையும் கூட எழுதப்பட்டன. உலகின் எந்த அரசமகளிர் அணிகலப் பட்டியலோடும் ஒப்பிடத்தக்க துல்லியம் இது.

அந்தப் பட்டியலில் நூல் ஓர் இடத்தில் வருகிறது. மணிகள் கோத்த சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கி எடை கூறப்படும் இடமே அது. கணக்கர் நூலைக் கண்டார், கழித்துவிட்டார். நெசவுப் பொருளுக்கு அரசக் கணக்கில் இருந்த இடத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. பொன் உருகினாலும் பொன்னே. அதைத் திரும்பக் கேட்க முடியும். கல்லில் எழுதிவைப்பதால் பயன் உண்டு. துணியோ உடுத்த உடுத்த நையும், சாயம் மங்கும், செல்லரிக்கும். அழியும் பொருளை அழியாத கல்லில் எழுதுவதற்கு எவரும் முனைவதில்லை. ஆகவே கல்வெட்டுகளின் மௌனத்தை மட்டும் வைத்து அரசமகளிர் எளிய உடை உடுத்தினர் என்றோ, ஆடைக்குக் குறைவாகச் செலவிட்டனர் என்றோ கொள்வது பிழையாகும்.

பயணக் குறிப்புகளின் மௌனம் வேறு வகையானது. மகாநவமி விழாவில் அரசியரின் தோழியர் அணிந்த பொன்னையும் முத்தையும் பாயஸ் வியந்து வியந்து எழுதுகிறார். சுமை தாங்காமல் சிலரைப் பிறர் தாங்கிப் பிடித்து நடத்த வேண்டியிருந்தது என்கிறார். கழுத்தணி, தோள்வளை, கைவளை, இடையணி எனக் கண் மேலிருந்து கீழாக இறங்கி வருகிறது. ஆடைக்கு மட்டும் ‘பட்டு’ என்ற அளவில் ஒரு சொல். பாயஸ் வந்த கூட்டத்தினருக்கு மணிகளின் சந்தை விலை தெரியும். அவற்றை வாங்கவும் விற்கவுமே அவர்களில் பலர் வந்தனர். உள்ளூர்த் தறியில் நெய்த ஒரு சேலையின் தரத்தை எட்ட நின்று மதிப்பிடும் பயிற்சி அவர்களுக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப்புரத்திற்குள் அவர்களுக்கு அனுமதியும் இல்லை. அவர்கள் கண்டது விழாக்கோலம் மட்டுமே.

ஆனால் கணக்கே இல்லாமல் இருந்ததா? இல்லை. நூனிஸ் தரும் ஒரு குறிப்பு இங்கு மிகவும் முதன்மையானது. அரண்மனை வாயிலுக்கு உட்பட்ட செலவுகள் அனைத்தையும் எழுதுவதற்குப் பெண் கணக்கர்கள் இருந்தனர். நாட்டு நடப்புகளை எழுதி வெளியிலுள்ள எழுத்தர்களின் ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெண்களும் இருந்தனர் என்கிறார் அவர். அரசியரின் ஆடைச் செலவை அறிந்தவர்கள், ஓலையிலோ கடிதத்திலோ எழுதியவர்கள், பெண்களே. மூன்று முதன்மை அரசியருக்கும் வேறுபாடின்றி ஒரே அளவில் எல்லாம் வழங்கப்பட்டது, அவர்களிடையே பூசல் வராமல் இருக்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்று பாயஸ் கூறுவதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். சமமாக வழங்குவதற்கு அளவு தெரிந்திருக்க வேண்டும். அளவு தெரிய ஏடு வேண்டும். அந்த ஏடுகள் நம்மிடம் வந்து சேரவில்லை.

ஒப்பீட்டிற்கு முகலாய அரண்மனையைச் சுட்டலாம். அபுல் பசலின் அயினி அக்பரி, அந்தப்புரத்தின் முதல்நிலை மகளிருக்குத் திங்கள்தோறும் 1,028 முதல் 1,610 ரூபாய் வரை வழங்கப்பட்டதாகவும், பணிப்பெண்களில் கடைநிலையினர்க்கு 2 ரூபாய் வரை இறங்கியதாகவும் கூறுகிறது. ஒரு பெண் தனக்கு வேண்டிய பொருளைத் தன் ஊதிய வரம்பிற்குள்தான் கேட்க முடியும். கேட்டது எழுத்தரிடம் பதிவாகும். அரசமகளிரின் செலவு கட்டற்ற வெள்ளம் என்னும் பொதுக் கருத்தை இந்த ஒரு குறிப்பே அசைத்துவிடுகிறது.

ஊதாரி அரசி என்னும் கட்டமைப்பு

இந்தப் பொதுக் கருத்து ஐரோப்பாவிலிருந்து பெரிதும் வலுப்பெற்றது. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்துக்கு ஆடைக்கென ஒதுக்கப்பட்டது ஆண்டுக்கு 1,20,000 லிவர். 1785இல் அவர் செலவிட்டது சுமார் 2,58,000 லிவர். இந்த எண்கள் பள்ளிப் பாடம் வரை பரவியுள்ளன. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தும் ஆடைப்பித்து உடையவர் என்றே நினைவுகூரப்படுகிறார். ஆனால் அவர் தம் இறுதி ஆண்டுகளில் ஆடைத்துறைக்குச் செலவிட்டது ஆண்டுக்குச் சுமார் 9,500 பவுண்டு. அவரையடுத்து அரியணையேறிய முதலாம் சேம்சு தம் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் செலவிட்டது ஆண்டுக்குச் சுமார் 36,000 பவுண்டு. ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆடைப்பித்தர் என்ற பெயர் மட்டும் அவரிடம் சென்று சேரவில்லை.

விசயநகரத்திலும் நிலை இதுவே. நாளுக்கு ஓர் ஆடை களைந்தவர் அரசர். சான்று அவரைப் பற்றியதே. அது ‘பெருமித’த்தின் அடையாளமாகப் பதிவாயிற்று. அரசியர் அவ்வாறு செய்ததாக எந்தப் பயணியும் எழுதியிருந்தால் அது எந்தச் சொல்லால் பதிவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அரசி ஆண்ட துறைமுகம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து நேர் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் பழவேற்காடு. இப்பகுதி இன்று இரும்புருக்கு ஆலைகளுக்கும் சற்றுத் தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் பெயர்பெற்றது. நானூறு ஆண்டுகள் முன்னர் சோழமண்டலக் கரையின் முதன்மையான துணித்துறைமுகங்களுள் ஒன்று இங்கேயே இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பர்போசா, இத்துறையில் பல சமய வணிகரும் குழுமியிருந்ததையும், பெகுவிலிருந்து மாணிக்கம் வந்திறங்கியதையும், இங்கு மிகுதியாகச் செய்யப்பட்ட வண்ணம் எழுதிய பருத்தித் துணிகள் மலாக்கா, பெகு, சுமத்திரா, கூர்ச்சரம், மலபார் எனப் பல திசைகளுக்குச் சென்றதையும் குறிப்பிடுகிறார்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் வேலூர், சந்திரகிரிப் பகுதியிலிருந்து ஆண்டபோது, பழவேற்காடு அவருடைய அரசியருள் ஒருவரான கொப்பூரிக் குடும்பத்து ஓபாயம்மாவின் உரிமையில் இருந்தது. 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி வேங்கடரிடம் உடன்படிக்கை பெற்று இங்குப் பண்டகசாலை அமைத்தது. சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் 1612இல் அதைத் தாக்கி அழித்தனர். அதன் பின்னர் அரசி ஒரு கோட்டையைத் தொடங்கினார். வேலை மெல்ல நகர்ந்தது. டச்சுத் தலைவர் வெம்மர் வான் பெர்கம் கும்பினியின் செலவில் அதனை முடித்து, தம் பிறந்த மாநிலத்தின் பெயரால் கெல்திரியா என 1613இல் பெயரிட்டார். கோட்டை கைமாறியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு ஆளுகை பழவேற்காட்டிலிருந்தே நடந்தது.

ஓபாயம்மா வரலாற்றில் வேறொரு காரணத்திற்காகவே அறியப்படுகிறார். 1614இல் வேங்கடர் இறந்தபின் எழுந்த அரியணைப் போரைப் பற்றி இயேசு சபையைச் சேர்ந்த மனுவேல் பர்ராதாஸ் 1616இல் எழுதிய மடல், அரசி கருவுற்றதாக நடித்துப் பிறர் குழந்தையைத் தன் மகன் என்று காட்டியதாகக் கூறுகிறது. இராபர்ட் சிவெல் 1900இல் வெளியிட்ட நூலில் அம்மடலைச் சேர்த்தபின், இந்தக் கதையே அவருடைய அடையாளமாயிற்று. ஒரு துறைமுகத்தின் சுங்கத்தையும் பன்னாட்டு வணிகரையும் கையாண்ட ஆட்சியாளர் என்ற முகம் பின்னுக்குப் போய்விட்டது. அம்மடலில் நம் பொருளோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. சிறைவைக்கப்பட்ட அரச குடும்பத்தின் இளவரசர் ஒருவரை யாச்சம நாயக்கர் வெளியே கொண்டுவர உதவியவர் அரண்மனைத் துணி வெளுத்தவர். காவலர் அனைவரையும் கடந்து அரசமகளிரின் ஆடை மூட்டையோடு உள்ளும் புறமும் சென்றுவரக் கூடியவர் அவர் ஒருவரே. அரசியரின் ஆடை எத்தனை, எத்தகையது என்று முழுமையாக அறிந்த வெளியாள் ஒருவர் இருந்திருப்பின், அவரே.

ஆடைச் செலவு என்னும் வினாவிற்குப் பழவேற்காடு ஏன் முதன்மையானது? அரசி துணியை வாங்குபவராக மட்டுமன்றித் துணியிலிருந்து வருவாய் பெறுபவராகவும் இங்கே நிற்கிறார். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் தறி இறை, தறிக்கடமை என்னும் வரிகள் பயில்கின்றன. நெசவாளர் தறிக்கு வரி செலுத்தினர்; நெய்த துணி துறைமுகம் வந்ததும் அதன்மீது சுங்கம் கொள்ளப்பட்டது. துறைமுகம் எவர் உரிமையோ, சுங்கத்தின் பயனும் அவர்க்கே. அரசியின் பெட்டியில் கிடந்த சேலை ஒன்றுக்கு விலை கொடுக்கப்பட்டிருந்தால், அந்த விலையின் ஒரு பகுதி வேறு நூறு சேலைகளின் சுங்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று உய்த்துணரலாம். துணியே துணிக்கு விலை கொடுத்தது. இதனை ‘செலவு’ என்று மட்டும் எழுதினால் பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் படித்ததாகிவிடும்.

வேரும் பாலும் மெழுகும்

ஆடையின் உண்மையான விலை காசில் எழுதப்படவில்லை எனினும், அது எங்கெங்கு ஈட்டப்பட்டது என்பதை ஓரளவு மீட்டெடுக்க முடியும். சோழமண்டலச் சீட்டித் துணியின் செய்முறையை 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் படிப்படியாக எழுதிவைத்தனர். இயேசு சபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய மடல் அவற்றுள் புகழ்பெற்றது.

வெளுத்த துணி முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்க்கப்படும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, தூரிகையின் ஈரம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் தடுக்கும். பிறகு கரித்தூள் கொண்டு உருவம் பதிக்கப்படும். கருங்கோட்டிற்கு இரும்பைப் புளிக்க வைத்த நீர். செம்மைக்குப் படிகார நீர். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு ஏறும். சாயவேர்க் கொப்பரையிலிருந்து எடுத்தபின் மற்ற இடங்களில் ஒட்டிய நிறத்தைச் சாணமும் வெயிலும் கொண்டு போக்குவர். நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுத் துணி முழுவதும் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் ஆழ்த்துவர், மெழுகை வெந்நீரில் நீக்குவர், மீண்டும் வரைவர், மீண்டும் தோய்ப்பர். மஞ்சள் கடைசியில் தூரிகையால் தொடப்படும். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்த இடம் பச்சை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கரையில் பணியாற்றிய டச்சுக்காரர் தானியல் ஹாவார்ட் இவ்வேலையின் வேகத்தை நத்தைக்கு ஒப்பிட்டார். ஒரு நல்ல துணி முடியத் திங்கள் பல ஆகும்.

இவ்வேலையின் உயிர்நாடி சாயவேர். இம்பூறல் என்று சித்த மருத்துவத்தில் வழங்கும் சிறு செடியின் வேர் அது. கடற்கரை மணலில் தழைப்பது. வேர் மெல்லியது, நீளமானது, மணலைத் தோண்டித் தோண்டி எடுக்க வேண்டியது. கிளிஞ்சல் நொறுங்கிச் சுண்ணாம்புச் சத்தேறிய மணலில் வளர்ந்த வேர் மிகச் சிறந்த சிவப்பைத் தரும் என்று சாயக்காரர் நம்பினர். சுண்ணாம்புச் சத்து அச்சிவப்பை ஒளிரச் செய்யும் என்பதைப் பிற்கால வேதியியலும் ஏற்கிறது. பயிரிட்ட வேரைவிடத் தானே முளைத்த வேருக்கு வலிமை மிகுதி என்று ராக்ஸ்பர்க் முதலிய தாவரவியலாளர் பதிவு செய்தனர். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சிறீகரிக்கோட்டைத் தீவில் ஏனாதிப் பழங்குடியினர் காட்டுப் பொருள்களோடு சாயவேரையும் திரட்டிக் கொடுத்ததை 19ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் குறிக்கின்றன. அந்தத் தொழில் அப்போது புதிதாகத் தோன்றியிருக்க வழியில்லை.

ஆக, ஓர் அரசமகளின் செஞ்சேலைக்குப் பின்னால் நிற்பவர்களை வரிசைப்படுத்தினால்: பஞ்சு நூற்ற பெண்கள், பாவோடிய குடும்பத்தினர், குழித்தறியில் காலிறக்கி அமர்ந்த நெசவாளர், வெளுப்பவர், வரைபவர், வேர் தோண்டியவர். நூற்பு வேலை ஏறக்குறைய முழுவதும் பெண்களுடையது. அரசமகளிர் ஆடைச் செலவு என்பதைப் பெண்களின் வரலாற்றுப் பொருளாகக் கொள்வோர் பெரும்பாலும் உடுத்திய பெண்ணோடு நின்றுவிடுகின்றனர். நூற்ற பெண்ணிடம் செல்வதில்லை. இது இத்துறை ஆய்வுகளின் பெருங்குறை.

வணிக அமைப்பும் இதில் பங்கேற்றது. டச்சுக் கும்பினி நெசவாளரிடம் நேரே துணி வாங்கவில்லை. பழவேற்காட்டில் ‘மலையா’ என்று அறியப்பட்ட அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணச் செட்டியும் போன்ற பெருவணிகர் வழியாக முன்பணம் ஊர் ஊராகச் சென்றது. முன்பணம் பெற்ற நெசவாளர் குறித்த அளவில், குறித்த தரத்தில் துணி தர வேண்டும். நூல் விலையும் அரிசி விலையும் ஏறினால் அந்தச் சுமை அவரையே சாரும். 1618 முதல் 1620 வரை மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது சோழமண்டலக் கரையில் மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். டச்சுக் கப்பல்கள் அவர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. பழவேற்காடு அவ்வணிகத்தின் வாயில்களுள் ஒன்று. துணி சென்ற கடல்வழியிலேயே மனிதரும் சென்றனர். 1645ஐ ஒட்டிய பஞ்சத்திலும் இதுவே நடந்தது. ஆடையின் விலையைப் பேசும் கட்டுரை இதைக் கூறாமல் விட முடியாது. அக்கப்பல்களின் சரக்குப் பட்டியலில் துணிக்கும் மனிதருக்கும் தனித்தனியே விலை எழுதப்பட்டிருந்தது.

அயல்நாட்டு அரசவைகளும் தெருக்களும்

இக்கரையின் துணி உள்நாட்டு அரண்மனைக்கு மட்டும் சென்றதன்று. சயாம் அரசவை தனக்கு வேண்டிய வடிவங்களை வரைந்து அனுப்பிச் சோழமண்டலக் கரையில் துணி செய்வித்தது; அங்கு எந்தத் தகுதியினர் எத்துணியை உடுத்தலாம் என்பது அரசவை வழக்கால் வரையறுக்கப்பட்டது. சாவகத்திலும் மொலுக்காசிலும் இத்துணி மணப்பொருளாகவும் குலச்சொத்தாகவும் பேணப்பட்டது. இவ்விடங்களில் அரசமகளிர் ஆடைக்குக் கொடுத்த விலை பணமாக அன்றி மிளகாகவும் கிராம்பாகவும் சாதிக்காயாகவும் கப்பலேறியது.

ஐரோப்பாவில் கதை வேறு. இங்கிலாந்து அரசி இரண்டாம் மேரி சீட்டித் துணியை விரும்பியதால் அது உயர்குடியினரிடம் பரவியது என்று தானியல் தீபோ குறைகூறினார். பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிலும் இறக்குமதித் துணிக்குத் தடை விதித்தன. 1719இல் இலண்டன் நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தனர். சிலர்மீது அமிலம் வீசினர். உள்நாட்டுத் தறிக்கு வேலை இல்லாமற்போன துயரம் உண்மையானது. ஆனால் அதற்குத் தண்டனை பெற்றவர்கள் கப்பலில் இறக்குமதி செய்து பொருளீட்டிய கும்பினியின் பங்காளர்கள் அல்லர். ஓர் அரசியின் விருப்பம் என்று தொடங்கிய குற்றச்சாட்டு தெருவில் நடந்துசென்ற எளிய பெண்ணின் உடலில் வந்து முடிந்தது.

செலவா, சொத்தா?

அரசமகளிர் ஆடையும் அணிகலனும் கருவூலத்தின் பார்வையில் செலவு; அவர்கள் பார்வையில் அவை பெரும்பாலும் ஒரே கைப்பொருள். இதற்குத் தஞ்சை மராட்டியர் வரலாற்றின் இறுதிப் பகுதி தக்க சான்று. இரண்டாம் சிவாசி 1855இல் ஆண்வாரிசின்றி இறந்தார். 1856இல் கும்பினியின் ஆணையர் படையுடன் அரண்மனைக்குள் புகுந்து அரசின் உடைமையோடு குடும்பத்தின் தனியுடைமையையும் முத்திரையிட்டுக் கைப்பற்றினார். மூத்த விதவை காமாட்சிபாய் சாகிபா வழக்குத் தொடுத்தார். இலண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அதனை அரசின் இறையாண்மைச் செயல் என்று கூறி நீதிமன்றத்தின் வரம்பிற்கு அப்பால் வைத்தது. பின்னர் 1862இல் அரசு மனமிரங்கித் தனியுடைமையைத் திருப்பியளித்தது; சட்டத்தால் அன்று, சலுகையால். சீதனமாக வந்த பொருளைத் தம்முடையது என்று மெய்ப்பிக்க அரசியர் கடல் கடந்து வழக்காட நேர்ந்தது. ஊதாரித்தனம் என்று ஏளனம் செய்யப்படும் ஆடை அணிகலன்களை அவர்கள் ஏன் இறுகப் பற்றியிருந்தனர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஓபாயம்மாவிடம் துறைமுகம் இருந்தது. காமாட்சிபாயிடம் பெட்டிகள் மட்டுமே இருந்தன. இருவருக்கும் இடைப்பட்ட இருநூற்றைம்பது ஆண்டுகளில் அரசமகளிரின் பொருளாதார நிலை அடைந்த சரிவை இந்த வேறுபாடு காட்டுகிறது. ஆடைச் செலவை ஆராய்வோர் விலைப்பட்டியலைத் தேடுவதோடு, அந்தச் செலவு எந்த வருவாயிலிருந்து, எவர் உரிமையின்கீழ் செய்யப்பட்டது என்றும் வினவ வேண்டும்.

துறையின் பெயர் துணியில்

1825இல் டச்சுக்காரர் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தபோது அதன் துணிவணிகம் முன்னரே தேய்ந்திருந்தது. சீட்டித் துணியைவிட நீண்டகாலம் நிலைத்தது எளிய கட்டம்போட்ட துணி. ‘புலிக்காட்’ என்பது ஆங்கிலத்தில் ஒருவகைக் கைக்குட்டையின் பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கிளாசுகோ நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்து அதே பெயரில் விற்றனர். மலாய் மொழியில் ‘காயின் பெலேக்காட்’ என்றால் இன்றும் கட்டம்போட்ட கைலி. தமிழகக் கடைகளில் ‘பாளையக்காட்டு லுங்கி’ என்று விற்கப்படுவதும் இதுவே.

திருவள்ளூர் மாவட்டத்தில் நெசவு இன்று மேற்கே அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பகுதிகளில் பருத்திச் சேலையாக எஞ்சியுள்ளது. கிழக்கே கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில் இளைஞர்கள் ஆலைப் பணிக்குச் செல்கின்றனர். பழவேற்காட்டு மணலில் இம்பூறல் களைச்செடியாக முளைக்கிறது. அரசி ஒருத்தி சுங்கம் கொண்ட துறையின் பெயரைச் சுமப்பது இப்போது ஆடவர் வீட்டில் உடுத்தும் கைலி. அதன் விலை மட்டும் கடைச் சீட்டில் தவறாமல் எழுதப்படுகிறது.